பதினான்காம் வளைவில் எதிரே வந்தவள்

தேன்கரட்டு மலையில் என்னை மாதிரி பஸ் ஓட்ட ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன், அதிலென்ன தப்பு? இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, வருஷத்தில் ஒன்பது மாதம் மூடுபனி, நினைத்த இடத்தில் குறுக்கே வந்து நிற்கிற காட்டெருமை. இத்தனையையும் பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டே ஏறி இறங்கியவள் நான். பேர் சுடர்விழி. அடிவாரம் டிப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சமவெளியில் பஸ்கள் தாங்களாகவே ஓடத் தொடங்கி இருபது வருஷமாகிவிட்டது. மலையில் மட்டும் இயந்திரத்தின் பருப்பு வேகவில்லை. பனி இறங்கினால் அதற்குக் கண் தெரியாது. எருமையைப் பாறை என்று நினைத்து இடிக்கப் போகும், பாறையை எருமை என்று நினைத்து ஒரு மணி நேரம் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். அதனால் எங்கள் டிப்போவில் மட்டும் இன்னும் பதினோரு மனித டிரைவர்கள் இருக்கிறோம்.

தினமும் காலையில் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் உள்கண்ணாடியை என் பக்கம் திருப்பி மூஞ்சியைப் பார்ப்பேன். "வாடி ராசாத்தி, போலாம்" என்பேன். சத்தமாகத்தான் சொல்வேன். அதற்கப்புறம் கண்ணாடியைப் பயணிகள் பக்கம் திருப்பி வைப்பேன். முன்சீட்டில் உட்காரும் தேயிலைத் தோட்டத்து அம்மணிகள் சிரிப்பார்கள். கண்டக்டர் தர்ஷன் விசில் ஊதுவான். பஸ் கிளம்பும்.

இந்த ஒரு வரிதான் என்னை மாட்டிவிட்டது.

எங்கள் டிப்போவில் யஸ்வந்த் என்று ஒரு அண்ணன். எனக்குச் சீனியர். டிப்போ வாசலில் அவருக்குப் பன்னிரண்டடி பேனர் இருக்கிறது. அதில் 'மலைச்சிங்கமே' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நிஜச் சிங்கத்தை அவரைவிடச் சின்னதாகப் போட்டிருக்கும். கீழே 'இவண்: அன்புத் தம்பிகள்'. அந்தத் தம்பிகளை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் வாயைத் திறந்தால் அண்ணனைப் போலப் பணிவானவர் கிடையாது. "நமக்கு என்னங்க தெரியும், எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்று கைகூப்புவார். யாராவது "ஆமாங்ணா" என்று ஒப்புக்கொண்டுவிட்டால் மூன்று மாதம் அவனோடு பேசமாட்டார்.

ஒரு தரம் மூன்றாம் வளைவில் நான் சுவரை உரசிவிட்டேன். "என் தப்பு, ஒரு சாண் முன்னாடியே ஒடிச்சுட்டேன்" என்று நானே எழுதிக் கொடுத்தேன். அதே சுவரை அவர் உரசியபோது, "சுவரை வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள்" என்று எழுதினார். அந்தச் சுவர் கட்டி அறுபது வருஷமாகிறது.

இந்த நேரத்தில் எங்கோ வேறொரு மலையில் ஒரு டிரைவர், பனியெல்லாம் எனக்கு எம்மாத்திரம் என்று பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். விசாரித்ததில் அவருக்குத் 'தன்மோகம்' என்கிற மனநோய் என்று தெரிந்தது. உடனே மலைப்பாதை டிரைவர்கள் எல்லாருக்கும் சோதனை கட்டாயம் என்று உத்தரவு வந்தது. அகமானி என்று ஒரு பட்டையை நெற்றியில் ஒட்டுவார்கள். "உங்களைப் பத்தி நினைங்க" என்பார்கள். நினைக்கும்போது மனசுக்குள் எவ்வளவு வெளிச்சம் ஏறுகிறது என்று ஒரு எண் வரும். எண்பதைத் தாண்டினால் நோய்.

எங்கள் ஆட்களுக்கு இது கைவந்த கலை. யாராவது புகழ்ந்தால் நெளிய வேண்டும் என்று பால்வாடியிலிருந்தே பழக்கி வைத்திருக்கிறார்களே. ஒவ்வொருவரும் கையைக் கட்டிக்கொண்டு, 'நான் ஒண்ணுமே இல்ல, நான் ஒண்ணுமே இல்ல' என்று முணுமுணுத்தபடி உள்ளே போனார்கள். எனக்கு அது வரவில்லை. கொட்டுகிற பனியில், பிரசவ வலியெடுத்த ஒரு பெண்ணை அரைமணி நேரத்தில் கீழே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்த நாளை நினைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

எனக்குத் தொண்ணூற்று மூன்று. யஸ்வந்த் அண்ணனுக்கு முப்பத்தெட்டு.

"முப்பத்தெட்டு! மனுசன்னா இப்படி இருக்கணும்" என்று டிப்போவே அவரைக் கொண்டாடியது. அவரும் சும்மா இருக்கவில்லை. 'சுடர்விழி தினமும் கண்ணாடி பார்த்துத் தன்னைத்தானே கொஞ்சுகிறார், பயணிகளின் உயிருக்கு ஆபத்து' என்று மேலிடத்துக்கு ஒரு கடிதம் போட்டார். முப்பது நாளில் எனக்கு மறுசோதனை. அதிலும் எண் இறங்காவிட்டால் சமவெளிக்கு மாற்றம். தானே ஓடும் பஸ்ஸில் 'மேற்பார்வையாளர்' வேலை, அதாவது பொம்மை மாதிரி உட்கார்ந்துகொண்டு ஏறுகிறவர்களுக்கு வணக்கம் சொல்வது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஸ்டியரிங்கை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

தர்ஷன்தான் வழி சொன்னான். "அக்கா, ஒரு மாசம் அடக்கமா இருந்து பாருங்க. நம்பர் தன்னால இறங்கிரும்."

"நான் எப்படா அடங்காம இருந்தேன்?"

"இப்ப கேட்டீங்க பாருங்க, அந்த மாதிரி."

சரி என்று இருந்து பார்த்தேன். ராசாத்தியை நிறுத்தினேன். யாராவது "சூப்பரா ஓட்டறீங்க அம்மணி" என்றால், "நான் எங்கீங்க, பஸ்ஸுதான் ஓடுது" என்றேன். பதினோராவது நாள் பத்தொன்பதாம் வளைவு. எப்போதும் அங்கே என் கை தானாகத் திரும்பும். அன்றைக்கு, 'நான் யாரு, எனக்கு என்ன தெரியும்' என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. அரை நொடிதான். பஸ் பின்னால் வழுக்கியது. நாற்பத்திரண்டு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். பிரேக் பிடித்து நின்றபோது பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

தர்ஷன் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். பழையபடி திமிராவே இருங்க."

கேட்டவுடன் திமிர் திரும்பி வந்துவிடுமா, ராசாத்தி வாயில் வரவே இல்லை. அன்றைக்கே அவன் உட்கார்ந்து மேல்முறையீடு எழுதி அனுப்பினான். பத்து நாளில் ஒரு டாக்டர் வந்து இறங்கினார். பேர் ஹர்ஷவர்த்தினி. குள்ளமாக, குண்டாக, எப்போது பார்த்தாலும் வாயில் எதையாவது மென்றுகொண்டு இருந்தார். பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது.

"இந்த அகமானியைச் செஞ்ச கூட்டத்துல நானும் ஒருத்தி" என்றார், கேன்டீன் பஜ்ஜியைப் பிய்த்தபடி. "அதுல ஒரு பெரிய தப்பு இருக்கு. எங்க ஆளுங்க யாருக்கும் அதை ஒத்துக்க மனசு வரல."

"என்னங்க தப்பு?"

"நோய் உள்ளவங்களுக்கு உள்ளுக்குள்ள வெளிச்சமே கிடையாது, சுடர்விழி. கும்மிருட்டு. அதனாலதான் வெளிய இருந்து யாராவது டார்ச் அடிச்சுக்கிட்டே இருக்கணும். பேனரு, மாலை, கைதட்டலு. டார்ச்சை நிறுத்தினா பயந்து போயிருவாங்க. அந்தப் பயம்தான் கோவமா வரும்."

"எனக்கு?"

"உங்களுக்கு உள்ள ஒரு பல்பு எரியுது. அவ்வளவுதான். அது ஆரோக்கியம்ங்க."

"அப்புறம் எதுக்கு எண்பதைத் தாண்டினா நோய்னு வெச்சீங்க?" என்று எகிறினேன். என் சுபாவம் அது.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "வெளிச்சத்தை அளக்கத் தெரிஞ்சுது. அந்த வெளிச்சத்துல அடுத்தவங்க மூஞ்சியும் தெரியுதான்னு அளக்கத் தெரியல. இப்ப அதுக்குத்தான் ஒண்ணு கொண்டாந்திருக்கேன். சரி, மலையில ரெண்டு பஸ் எதிரும் புதிருமா வந்தா என்ன பண்ணுவீங்க?"

"இறங்கற வண்டி ஒதுங்கணும். ஏறுற வண்டிக்குத்தான் வழி."

"ஒதுங்கற எடத்துல பாறை விழுந்து கெடந்தா?"

"யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுக்கணும்."

"யாரு?"

எங்கள் தொழிலில் மானப் பிரச்சினையே அதுதான். மலையில் ரிவர்ஸ் எடுத்தவன் பேர் சாயங்காலத்துக்குள் மேலும் கீழும் எல்லா டீக்கடைக்கும் தெரிந்துவிடும். ஒரு மாதத்துக்கு அவனைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "பின்னாடி பாத்து வாப்பா" என்பார்கள்.

"எதிர்ல வர்றதும் நீங்களேன்னு வெச்சுக்கங்க" என்றார் டாக்டர்.

அதுதான் சோதனை. தலையில் ஒரு தொப்பி போடுவார்கள். அது நம் மனசை அப்படியே படியெடுத்து இயந்திரத்துக்குள் ஒரு நகலை உண்டாக்கும். அதற்குள்ளேயே பொய்யாக ஒரு மலை, பொய்ப் பனி, பொய்ப் பயணிகள். ஒரு பஸ்ஸில் நாம், எதிர் பஸ்ஸில் நம் நகல். பதினான்காம் வளைவில் சந்திக்க வேண்டும். அங்கே ஒதுங்குகிற இடத்தில் பாறை கிடக்கும்.

"தொப்பி போடற நிமிசம் வரைக்கும் உங்களுக்கு ஞாபகம் இருக்கறது எல்லாம் நகலுக்கும் இருக்கும்" என்றார் டாக்டர். "ரெண்டு பேருக்குமே தான்தான் அசல்னு தோணும். யாரு நகல்னு சோதனை முடியற வரைக்கும் சொல்ல மாட்டோம். சொன்னா நடிப்பாங்க."

"எனக்குத் தெரியாதாக்கும்? நான்தான் நான்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று அடுத்த பஜ்ஜியை எடுத்தார்.

என்னை மட்டும் சோதித்தால் நியாயமில்லை என்று எல்லா டிரைவர்களையும் வரச் சொன்னார். பஸ்கள் இரண்டும் கேன்டீன் திரையில் தெரியும்படி வைத்துவிட்டார்கள். முதலில் போனவன் கௌசிக், எங்கள் டிப்போவிலேயே பயந்த சுபாவம். இரண்டு கௌசிக்கும் ஒருவரையொருவர் பார்த்த மாத்திரத்தில், "ஐயோ, நீங்க போங்க, நீங்க போங்க" என்று ரிவர்ஸ் எடுத்தார்கள். ஒருவன் ரிவர்ஸிலேயே அடிவாரத்துக்கு வந்துவிட்டான். மற்றவன் ரிவர்ஸிலேயே மலை உச்சிக்குப் போய்விட்டான். கேன்டீன் குலுங்கியது. "சிரிக்காதீங்க, இதுக்கும் வைத்தியம் வேணும்" என்று டாக்டர் குறித்துக்கொண்டார், அவரும் சிரித்துக்கொண்டுதான்.

காலை பத்து மணிக்கு யஸ்வந்த் அண்ணன் போனார். பத்தேகாலுக்கு இரண்டு பஸ்ஸும் மூக்கோடு மூக்கு நின்றன. இருபது நிமிஷம் ஹாரன். அப்புறம் இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள்.

"யாருடா நீ, என் சட்டையைப் போட்டுக்கிட்டு?"

"யாரைப் பாத்துடா கேக்கறே? மலைச்சிங்கம்டா நானு."

"நான்தான்டா மலைச்சிங்கம். வண்டியை எடு."

"நீ எடு."

தர்ஷனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஏனுங்க டாக்டர், தன் மேல இத்தனை ஆசை இருக்கறவருக்குத் தன்னையே நேர்ல பாத்தா குசியாத்தானே இருக்கணும்?"

"அவருக்கு வேணுங்கறது அவரு இல்லீங்க. அவரைப் பாத்துக் கைதட்டற ஆளு. எதிர்ல நிக்கறவரும் அதைத்தான் தேடறாரு. ரெண்டு பேரும் தட்டு தட்டுங்கறாங்க, தட்டறதுக்கு ஆளில்ல."

இப்படியே மூன்று மணி நேரம் நாற்பது நிமிஷம் போயிற்று. கேன்டீனில் சாப்பாடு தீர்ந்துவிட்டது. திரையில் பொய்ப் பயணிகளே வெறுத்துப் போய் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். வெளியே வந்த அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மெசின்ல கோளாறுங்க. நான் எவ்வளவு பணிவான ஆளு, அவன் ஒரு தலைக்கனம் புடிச்சவன்" என்றார். நகலை என்ன செய்வது என்று டாக்டர் கேட்டதற்கு, "உடனே அழிச்சிருங்க" என்றார். அப்படியே செய்தார்கள். ஆனால் அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். என் மேல் கடிதம் போட்டவர்தான், இருந்தாலும் பாவமாக இருந்தது.

அடுத்து நான். தொப்பியைப் போட்டார்கள். கண்ணை மூடச் சொன்னார்கள். மூடித் திறந்தேன்.

பஸ்ஸில் இருந்தேன். ஏறுகிற பஸ். பனி, யூக்கலிப்டஸ் வாசனை, பின்னால் பேச்சுச் சத்தம், எல்லாம் அச்சு அசல். பழக்கத்தில் கண்ணாடியை என் பக்கம் திருப்பினேன். அதில் மூஞ்சி தெரியவில்லை. வெறும் பனி. மட்டமான சாமானைப் போட்டிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே, அந்தப் பனியைப் பார்த்து "வாடி ராசாத்தி, போலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மூன்று வாரத்துக்கப்புறம் வாய்விட்டுச் சொன்னது. கை இரண்டும் பழையபடி ஆகிவிட்டன.

பதினான்காம் வளைவில் ஹாரன் கொடுத்தேன். இரண்டு சின்னது, ஒரு நீளம், அது என் கணக்கு. பனிக்குள்ளிருந்து அதே இரண்டு சின்னது, ஒரு நீளம் வந்தது. அப்புறம் விளக்கு. அப்புறம் பாறை. இரண்டு பஸ்ஸும் நின்றன. இரண்டு பேரும் இறங்கினோம்.

எதிரே வந்தவளைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, அட, நடை நல்லாத்தான் இருக்கு. அடுத்துத் தோன்றியது, காலர் மடங்கியிருக்கே, இத்தனை நாள் ஒருத்தரும் சொல்லவில்லையே. அவளும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி ஒருத்தி காலரை ஒருத்தி சரிசெய்தோம்.

"நான்தான் அசல்" என்றோம், ஒரே மூச்சில். சிரிப்பு வந்துவிட்டது.

"அது கெடக்கட்டும்" என்றாள் அவள். "உள்ள எத்தனை பேரு?"

"நாப்பத்திரண்டு. உனக்கு?"

"நாப்பத்திரண்டு."

"தள்ளு, நானே ரிவர்ஸ் எடுக்கறேன். இந்த மலையில என்னை மாதிரி எடுக்க ஆளில்ல."

"அதை என்கிட்டயே சொல்றியா?" என்றாள். பிறகு என் பஸ்ஸை எட்டிப் பார்த்து, "உன் பின்சக்கரம் ஓரத்துல நிக்குது, பாத்தியா?" என்றாள்.

"நான் நிறுத்தினா சரியாத்தான் நிறுத்துவேன்."

"போய்ப் பாருடி."

போய்ப் பார்த்தேன். ஒரு முழம்கூட இல்லை. சுருக்கென்றது. என் மூஞ்சியே என்னிடம் வந்து குற்றம் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? இரண்டு நொடி அவள் மேல் கோபமாக வந்தது. அப்புறம் பஸ்ஸின் ஜன்னலில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை கண்ணில் பட்டது. கோபம் போய்விட்டது.

"ஆமாண்டி, என் தப்பு" என்றேன்.

"பரவால்ல. நீ பின்னாடி போனா பள்ளம். நான் போறேன், எனக்கு ஏத்தம்தான், ஆனா ரோடு கெட்டி. நீ வந்து வழி காட்டு."

பின்பக்கமாக மேலே ஏறும்போது அவள் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, அவ்வளவு பனி. நான் அவள் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கத்தினேன். "வா வா வா... லெஃப்ட்ல ஒடி... போதும்... அப்படியே வா." அந்தப் பெரிய பஸ் என் குரலை மட்டும் நம்பி, கொஞ்சமும் தயங்காமல் என்னை நோக்கி வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஓட்டுகிறவளைத்தானா நான் மூன்று வாரமாக, நீ ஒண்ணுமே இல்ல என்று திட்டிக்கொண்டிருந்தேன்? பதினைந்தாம் வளைவின் அகலமான இடத்தில் அவள் ஒதுங்கினாள். நான் திரும்பிப் போய் என் வண்டியை எடுத்துக்கொண்டு அவளைக் கடந்தேன். கடக்கும்போது இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன், மலையில் நன்றி சொல்கிற முறை அது. அவளும் காட்டினாள். மொத்தம் பதினோரு நிமிஷம்.

"முடிஞ்சுதுங்க, சுடர்விழி" என்று டாக்டரின் குரல் கேட்டது. "தொப்பியைக் கழட்டிருங்க."

கையைத் தலைக்குக் கொண்டுபோனேன். தொப்பி இல்லை. என் முடிதான் இருந்தது.

மறுபடி தடவினேன். பனி அப்படியே நின்றது. எங்கிருந்தோ, ஸ்பீக்கரில் பேசுகிற மாதிரி, என் குரல் கேட்டது: "தர்ஷா, பசி உயிர் போகுதுடா, பஜ்ஜி மிச்சம் இருக்கா?" எனக்குப் பசிக்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பொய் சொல்ல மாட்டேன், ஓவென்று அழுதேன். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். பதினாறு வருஷம் என்று சொன்னேனே, அது எல்லாம் அவளுடையது. எனக்கு வயசு அரைமணி நேரம்.

"சுடர்விழி?" என்றார் டாக்டர், மெதுவாக. "நீங்க அங்க நல்லா இருக்கீங்களா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். "அவ பாஸா?"

"ரெண்டு பேருமே பாஸ்."

"ஸ்டியரிங்கு?"

"அவங்களுக்குத்தான்." கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்கு வருத்தமா இருக்கா?"

"வருத்தம் இல்லாம இருக்குமா? நிறையவே இருக்கு" என்றேன். "ஆனா நல்ல கைக்குத்தான் போயிருக்கு."

பிறகு டாக்டர், நகலை வைப்பதா அழிப்பதா என்று அசல்தான் முடிவு செய்ய வேண்டும், அதுதான் விதி என்றார்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க?" என்று அவள் எகிறுவது கேட்டது. "உள்ள இருக்கறவளைக் கேளுங்க. அவளுக்கு வாய் இல்லையா?"

என்னைக் கேட்டார்கள். இருக்கிறேன் என்றேன். சும்மா இல்லை, வேலை வேண்டும் என்றேன். சோதனையில் தேறாதவர்களுக்குப் பயிற்சி கொடுக்க யாரையாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். டாக்டர் இல்லை என்றார். "அப்பப் பதினாலாம் வளைவுல எதிர்ல வர்ற வேலையை எனக்குக் குடுங்க" என்றேன்.

அவள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு கேட்டாள். "ஏய், உன் கண்ணாடியில மூஞ்சி தெரியுதா?"

"இல்லடி. வெறும் பனிதான்."

"டாக்டர், அவ கண்ணாடியைச் சரி பண்ணாம நான் இந்த பஜ்ஜியைத் தொட மாட்டேன்" என்றாள். எனக்குத் தெரியும், சொன்னால் தொடமாட்டாள். ஆட்களைக் கூப்பிட்டுச் சரி செய்ய இரண்டு மணி நேரமாயிற்று. பஜ்ஜி ஆறி அவலாகிவிட்டது என்று இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. அகமானியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். தேன்கரட்டு மலையில் என்னை மாதிரி ஓட்ட ஆள் கிடையாது என்று ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா, அது பொய். ஒருத்தி இருக்கிறாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து மைக் முன்னால் உட்கார்ந்து எல்லாக் கதையும் சொல்வாள். ஒன்பதாம் வளைவில் புதுசாக டீக்கடை, தர்ஷனுக்குக் கல்யாணம், ஆறாம் வளைவு எருமைக்குக் கன்று. கௌசிக் இப்போது யார் வந்தாலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் நகர்கிறானாம். அவனைத் தேற்ற எனக்கு ஆறு மாதம்தான் ஆயிற்று.

யஸ்வந்த் அண்ணன்தான் கஷ்டம். அவரை மலைக்கு அனுப்பாமல் வாரம் ஒரு தரம் என்னிடம் அனுப்புகிறார்கள். முதல் நாள் மூன்று மணி நேரம் ஹாரன் அடித்தார். "நீங்க சிங்கம்தாங்ணா, ஒத்துக்கறேன். ஆனா வண்டி இங்கதான் நிக்கும்" என்று நானும் நின்றேன். அப்புறம் இரண்டு மணி நேரமாயிற்று. அப்புறம் ஒன்று. வாசல் பேனரை அவரே கழற்றிவிட்டார் என்று அவள் சொன்னாள், நான் நம்பவில்லை.

நேற்று அவர் ஹாரன் அடிக்கவே இல்லை. இறங்கி நடந்து வந்தார். என்னைத் தாண்டி, என் பஸ்ஸின் பக்கவாட்டில் போய்க் குனிந்து பார்த்தார்.

"சுடரு," என்றார். "உன் பின்சக்கரம் ஓரத்துல நிக்குதும்மா. உள்ள ஆளுங்க இருக்காங்க, பாத்துக்க. நான் ரிவர்ஸ் எடுத்துக்கறேன்."

இரண்டு வருஷமாக, அவர் வருகிற ஒவ்வொரு நாளும், அந்தச் சக்கரத்தை நான் வேண்டுமென்றேதான் ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். இறங்கிப் போய் அவர் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று, "வாங்ணா, வாங்க வாங்க... லெஃப்ட்ல ஒடிங்க... போதும்" என்று கத்தினேன். அவர் வந்தார். கடக்கும்போது இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

நான் கண்ணாடியைத் திருப்பி மூஞ்சியைப் பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "வாடி ராசாத்தி, போலாம்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைப் பயணிகள் பக்கம் திருப்பி வைத்தேன்.